ஆசனத்துக்காகப் பிரிவு, ஆசனத்துக்காகவே ஒற்றுமை

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத்தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஒதுக்கப்பட்டவை ஆறு ஆசனங்கள். அந்த ஆறுக்கும் போட்டியிட்டவர்கள் 396 பேர். ஓர் ஆசனத்துக்கு 66 பேர். யுத்தம் முடிந்து பதினைந்து ஆண்டுகளாகியும் காணி திரும்பாத, பிள்ளை திரும்பாத ஒரு மக்கள் கூட்டத்துக்குச் சேவை செய்ய இத்தனை பேர் முன்வந்தார்கள் என்றால் நாங்கள் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் நான் சந்தித்தவர்களில் மகிழ்ந்தவர் ஒருவரும் இல்லை. "ஆருக்குப் போட்டாலும் அவைதானே வாழப்போயினம்" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

தேர்தலின் முடிவு எல்லோருக்கும் தெரியும். தேசிய மக்கள் சக்திக்கு மூன்று. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று. தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று. ஊசிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. தமிழர்கள் தேசியத்தைக் கைவிட்டுவிட்டார்கள் என்று தெற்கில் சிலர் கொண்டாடினார்கள். மக்கள் ஏமாந்துபோனார்கள் என்று இங்கே சில தலைவர்கள் மக்கள்மீதே குறைப்பட்டார்கள். கணக்கைப் பார்த்தால் இரண்டுமே சரியல்ல.

தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்தில் பெற்றது 80,830 வாக்குகள். செல்லுபடியான வாக்குகளில் அது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. கிடைத்ததோ ஆசனங்களில் சரிபாதி. எங்களுடைய விகிதாசாரத் தேர்தல் முறையில் மாவட்டத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. ஐந்து வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற கட்சிகளும் குழுக்களும் கணக்கிலேயே சேர்க்கப்படாது. எஞ்சியவர்களுக்குள்தான் மற்ற ஆசனங்கள் பகிரப்படும். தமிழரசுக் கட்சி பெற்றது 63,327 வாக்குகள். சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி பெற்றது 22,000க்கு மேல். இவை இரண்டையும் கூட்டினாலே முதலிடம் மாறிவிடும். போனஸ் ஆசனமும் கைமாறிவிடும். இத்தனைக்கும் இந்தக் கூட்டணியில் இருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் 2023 ஜனவரி வரை தமிழரசுக் கட்சியுடன் ஒரே கூட்டமைப்பில் இருந்தவர்கள்.

வாக்குகளை இப்படிக் கூட்டிப் பார்ப்பது மட்டும் அரசியல் ஆகாது என்பது எனக்குத் தெரியும். சேர்ந்து நின்றிருந்தால் எல்லோரும் வாக்களித்திருப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. ஏனென்றால் மக்கள் விலகிப்போனது பிரிவைக் கண்டு மட்டுமல்ல, அந்தப் பிரிவுக்கான காரணத்தைக் கண்டும்தான். காணி விடுவிப்பில் எந்த வழியில் போவது என்று இவர்கள் மோதியிருந்தால் அதை மக்கள் விளங்கிக்கொண்டிருப்பார்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் விடயத்தில் உள்நாட்டுப் பொறிமுறையா, சர்வதேசப் பொறிமுறையா என்று பிரிந்திருந்தாலும் அதில் ஒரு நியாயம் இருந்திருக்கும். இவர்கள் மோதிக்கொண்டது யார் தலைவர், யார் செயலாளர், யாருக்கு எந்தச் சின்னம் என்பதில்.

2024 ஜனவரி 21ஆம் திகதி தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு வாக்கெடுப்பு நடந்தது. சிவஞானம் சிறீதரனுக்கு 184 வாக்குகள், எம்.ஏ. சுமந்திரனுக்கு 137. ஒரு தமிழ்க் கட்சி தன் தலைவரை வாக்கெடுப்பால் தெரிவுசெய்தது நல்ல விடயம் என்று அன்று நானும் நினைத்தேன். அடுத்த சில நாட்களில் செயலாளர் பதவியில் தகராறு. பெப்ரவரியில் விவகாரம் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனது. மாநாடு நின்றது. தெரிவான தலைவர் பதவியேற்கவே இல்லை. 1949இல் தந்தை செல்வா தொடங்கிய கட்சி, தன் தலைவர் யார் என்று நீதிமன்றத்தில் கேட்டு நின்றது. அதே ஆண்டு செப்ரெம்பரில் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரித்தது. தெரிவுசெய்யப்பட்ட தலைவரோ தமிழ்ப் பொது வேட்பாளரை ஆதரித்தார். அந்தப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனும் அதே கட்சிக்காரர்தான். அவருக்கு 226,343 பேர் சங்கில் வாக்களித்தார்கள். கட்சிகளைக் கடந்த ஒரு குரல் என்று நம்பி வாக்களித்தவர்கள் அவர்கள். சில வாரங்களுக்குள் அந்தச் சங்கு ஒரு கட்சிக் கூட்டின் தேர்தல் சின்னமாகிவிட்டது.

இதெல்லாம் தலைவர்களுக்கிடையிலான சண்டை, சாதாரண மக்களுக்கு இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். யாழ்ப்பாண மாநகரசபையைப் பார்த்தால் நட்டம் தெரியும்.

2018 பெப்ரவரியில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் 45 உறுப்பினர்கள் கொண்ட அந்தச் சபையில் கூட்டமைப்புக்குக் கிடைத்தவை 16. புதிய கலப்புத் தேர்தல் முறையில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வரவில்லை. அப்படியான சபையில் பேசி இணங்கி வேலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை. நடந்தது என்ன? 2020 டிசெம்பரில் முதல்வரின் பாதீடு இரண்டு தடவை தோற்கடிக்கப்பட்டு அவர் பதவியிழந்தார். மாத முடிவில் 21க்கு 20 என்ற கணக்கில் இன்னொருவர் முதல்வரானார். 2022 டிசெம்பரில் அவரும் பதவி விலகினார். 2023 ஜனவரியில் பழைய முதல்வரே திரும்பி வந்தார். மார்ச் 19ஆம் திகதியுடன் சபையின் ஆயுளே முடிந்தது. பாதீடு என்பது ஒரு நகரத்தின் ஓராண்டு வாழ்க்கைக்கான திட்டம். எந்த வடிகாலைத் துப்புரவாக்குவது, எந்த வீதிக்கு விளக்குப் போடுவது, கழிவை எங்கே கொண்டுபோவது என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. எங்களுடைய சபையில் அது முதல்வரை விழுத்தும் ஆயுதமாகியது. யார் முதல்வராக இருந்தாலும் மாநகரக் கழிவு கல்லுண்டாயிலேயே கொட்டப்பட்டது. குப்பை தீப்பிடிக்கும் நாட்களில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அங்கே அருகில் குடியேறிய ஏழைக் குடும்பங்கள். அவர்களுக்கு எந்த முதல்வரும் ஒன்றுதான்.

மாகாணசபையிலும் இதே கதையை இன்னும் பெரிதாகக் கண்டோம். 2013 செப்ரெம்பர் 21ஆம் திகதி வடக்கு மக்கள் 38 ஆசனங்களில் 30ஐக் கூட்டமைப்புக்குக் கொடுத்தார்கள். யுத்தத்துக்குப் பிறகு எங்கள் மக்கள் கொடுத்த மிகப் பெரிய ஆணை அது. அந்தச் சபைக்கு அதிகாரம் போதாது என்பது உண்மை. முதலமைச்சர் நிதியத்துக்குக்கூட மத்திய அரசு இடம் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் இருந்த அதிகாரமாவது முழுமையாகப் பயன்பட்டதா? 2017 யூனில் முதலமைச்சருக்கு எதிராக அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிடம் கொடுத்தார்கள். 2018இன் நடுப்பகுதியில் யார் அமைச்சர், யார் அமைச்சரில்லை என்பதே நீதிமன்ற வழக்காகி, சபையின் கடைசி மாதங்கள் அந்தக் குழப்பத்திலேயே கழிந்தன. 2018 ஒக்ரோபரில் சபையின் காலம் முடிந்தது. பிறகு வடக்கை ஆள்வது கொழும்பு நியமிக்கும் ஆளுநர்கள்தான். மாகாணசபைகளுக்கான எல்லை மீள்நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட்டில் நாடாளுமன்றத்தில் ஒரு வாக்குக்கூட ஆதரவில்லாமல் தோற்றது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்ற நிலையில் மாகாணத் தேர்தல் தொங்கிப்போனது.

இப்படி எழுதினால் உடனே ஒரு பதில் வரும். "எல்லாவற்றுக்கும் மூலகாரணம் கொழும்பு. நீங்கள் எங்கள் ஆட்களைக் குறைசொல்லி எதிரிக்கு வழிவிடுகிறீர்கள்." கொழும்பின் பொறுப்பை நான் ஒரு அங்குலமும் குறைக்கவில்லை. காணியைப் பிடித்தது யார், பிள்ளைகளைக் கொண்டுபோனது யார், 2023இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை 2025 மே வரை இழுத்தது யார் என்று எங்களுக்குத் தெரியும். அதை அனுபவித்தவர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் எதிரில் இருப்பவர் பலமானவர் என்றால் எங்களுடைய பிரதிநிதிகள் கூடுதல் பொறுப்போடு அல்லவா நடக்க வேண்டும்? கொழும்பைச் சொல்லியே தங்கள் கணக்கை மூடிவிடுவது தலைவர்களுக்கு வசதியான பழக்கமாகிவிட்டது.

அவர்களால் முடியாது என்பதும் இல்லை. 2025 மார்ச் 28ஆம் திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வடக்கில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளைக் குறிப்பிட்டு, மூன்று மாதத்துக்குள் உரிமை கோரப்படாதவை அரச காணியாகும் என்றது. இடம்பெயர்ந்து உறுதியைத் தொலைத்தவர்களும், வெளிநாட்டில் இருப்பவர்களும், உரிமையாளர் இறந்துபோன குடும்பங்களும் மூன்று மாதத்துக்குள் எதைக் காட்டுவது? கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. யூன் இறுதியில் இடைக்காலத் தடை வந்தது. வர்த்தமானியும் மீளப்பெறப்பட்டது. இது பெரிய வேலை, பாராட்ட வேண்டிய வேலை. கூடவே ஒன்றையும் கவனிக்க வேண்டும். எதிர்ப்பு சூடுபிடித்தது உள்ளூராட்சித் தேர்தல் காலத்தில். மக்களின் தேவையும் கட்சியின் தேவையும் ஒரே நாளில் சந்தித்தால் வேலை நடக்கிறது. சந்திக்காத நாட்களில் மக்கள் தனித்து நிற்கிறார்கள்.

அப்படித் தனித்து நிற்பவர்கள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி உட்கார்ந்த தாய்மார். அவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. ஒரு தாய் என்னிடம் சொன்னார், "தம்பி, எலக்சன் வந்தால் வந்து பக்கத்தில இருந்து படம் எடுப்பினம். பிறகு ஆளைக் காணேலாது." 2009இல் செட்டிகுளம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். அங்கே யாருடைய வாளியும் எந்தக் கட்சி என்று கேட்டு நிரப்பப்படவில்லை. அந்தத் தாயின் சொல்லில் இருந்த வலி அதனால் எனக்கு விளங்கியது.

மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு ஒற்றுமை பற்றி நிறையப் பேசப்பட்டது. பெரும்பாலான சபைகளில் யாருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஆகவே யூன் மாதம் சந்திப்புக்களின் மாதமாகியது. ஆண்டாண்டு காலமாகத் துரோகிகள் என்று மேடைகளில் ஈபிடிபியைத் திட்டிய கட்சியின் பதில் தலைவர், அதன் செயலாளர் நாயகத்தை நேரில் சந்தித்து ஆதரவு கேட்டார். 13ஆவது திருத்தத்துக்குள் முடங்கியவர்கள் என்று மற்றவர்களைக் குற்றஞ்சாட்டி வந்த கட்சி, அதே மற்றவர்களுடன் உடன்படிக்கை எழுதியது. சபைகளை ஆள இணக்கம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. எதிரிகளாக இருந்தவர்கள் பேசுவதும் தவறல்ல. தவிசாளர் பதவிக்காகச் சில நாட்களில் சந்திக்க முடிந்தவர்களுக்கு, காணாமல் ஆக்கப்பட்டோருக்காகவும் மாகாணத் தேர்தலுக்காகவும் ஒரு மேசையில் உட்கார இத்தனை ஆண்டுகள் ஏன் முடியவில்லை என்பதே என் கேள்வி. ஆசனத்துக்காகப் பிரிகிறார்கள். ஆசனத்துக்காகவே சேர்கிறார்கள்.

மட்டக்களப்பு மக்கள் 2024இல் தமிழரசுக் கட்சிக்கு ஐந்தில் மூன்று ஆசனங்களைக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலோ பலர் வேறு பக்கம் போனார்கள். தமிழ் வாக்காளர் எவருக்கும் நிரந்தரச் சொத்தல்ல என்பதைத்தான் இது காட்டுகிறது. ஆனால் வாக்கை மாற்றிப் போடுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடாது. புதிதாக வந்தவர்களும் கேள்வி கேட்க ஆளில்லாவிட்டால் பழையவர்களைப் போலவே ஆகிவிடுவார்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் நடக்கும் வாய்ச்சண்டைகளைக் காணொளியில் பார்த்துச் சிரிக்கிறோம், பகிர்கிறோம். அந்தச் சண்டை நடந்த நேரத்தில் எந்தக் குளத்தின், எந்த வீதியின் விடயம் பேசப்படாமல் போனது என்று தேடிப் பார்ப்பவர் குறைவு.

கேட்பதற்கு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேசசபைக்கும் மாநகரசபைக்கும் பொருந்தும். எங்கள் வட்டாரத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது, எங்கள் உறுப்பினர் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், பாதீட்டுக்கு எப்படி வாக்களித்தார் என்று தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொல்லியும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஒரு கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ இதை ஆண்டுக்கு ஒரு தடவை செய்து, வந்த பதிலைச் சனசமூக நிலையத்தின் சுவரில் ஒட்டினால் போதும். எந்தப் போராட்டத்தையும்விட இதற்குச் செலவு குறைவு.

மாகாணத் தேர்தல் ஒருநாள் வரத்தான் போகிறது. அப்போது எல்லாக் கட்சிகளும் வீட்டு வாசலுக்கு வரும். இனம், தேசியம், ஒற்றுமை என்ற சொற்களோடு வரும். அந்தச் சொற்கள் எங்களுடையவை, விலைகொடுத்து வாங்கியவை. அவற்றைச் சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அவருடைய கட்சியின் பெயரை அல்ல. போன தடவை எங்களிடம் வாங்கிப்போன காலத்தில் எத்தனை நாள் எங்களுக்காக வேலை செய்தார் என்ற கணக்கை.