ஊரில் பழங்குடி, கம்பெனியில் ‘இந்திக்காரர்’

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்த ஸ்டேன் சாமி, இயேசு சபைத் துறவியாகி, வாழ்நாளின் பிற்பகுதியை ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு கழித்தார். சுரங்கத்துக்கும் அணைக்கும் நிலம் பறிபோவதைப் பற்றியும், விசாரணையே இல்லாமல் சிறையில் கிடக்கும் பழங்குடி இளைஞர்களைப் பற்றியும் ஓயாமல் கேள்வி கேட்டார். பீமா கோரேகான் வன்முறை தொடர்பான வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று கைதானபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியவர், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நீதிமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாமலே, 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடி மும்பை மருத்துவமனையில் இறந்தார். தமிழகக் கத்தோலிக்கர்கள் அவருக்கு அஞ்சலி செலுத்தினார்கள், செலுத்த வேண்டியதுதான். ஆனால் அவர் யாருக்காகப் பேசினாரோ அந்த மக்களின் பிள்ளைகள் இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தாலி, முண்டாரி, குடுக் மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட அவர்களை நாம் ‘இந்திக்காரர்’ என்கிறோம். ராஞ்சியில் இருந்தால் பழங்குடி, திருப்பூர் காங்கயம் சாலையில் இருந்தால் வெறும் கூலியாள் என்று பார்க்கும் இந்தப் பார்வை மாறாதவரை, பழங்குடி நீதி பற்றித் திருஅவை பேசுவது பாதிப் பேச்சுதான்.

திருஅவையின் சமூகப் போதனையிலேயே இந்தப் பிளவுக்கு இடம் இருக்கிறது. தொழிலாளர் விஷயத்தில் அது 1891இலேயே வாய் திறந்துவிட்டது. நியாயக் கூலியையும் சங்கம் சேரும் உரிமையையும் வலியுறுத்திய 13ஆம் லியோவின் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலை நினைவில் வைத்தே 2025இல் புதிய திருத்தந்தை லியோ என்ற பெயரைத் தேர்ந்துகொண்டார். பழங்குடிகள் பற்றிய பேச்சு வேறு தடத்தில் வந்தது. 2015இல் ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல் பழங்குடிகளுக்கு நிலம் விற்பனைப் பொருள் அல்ல என்று நினைவூட்டியது. 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவுக்கே போய், பழங்குடிக் குழந்தைகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் நடந்த கொடுமைகளுக்கு மன்னிப்புக் கேட்டார். அடுத்த மார்ச்சில், காலனியர்கள் நிலம் பறிக்கத் துணைநின்ற ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ வத்திக்கான் வெளிப்படையாக நிராகரித்தது. முதல் தடத்தில் தொழிலாளி இருக்கிறார், அவருக்கு இனமும் மொழியும் இல்லை. இரண்டாவதில் பழங்குடி இருக்கிறார், அவர் எப்போதும் காட்டிலும் ஆற்றங்கரையிலும்தான் இருக்கிறார். நிலத்தை இழந்து, ரயிலேறி, வாடகைக்கு லைன் வீடு எடுத்து, ஒன்றரை ஷிஃப்ட் வேலை பார்க்கும் பழங்குடிப் பெண் இரண்டிலும் சரியாகப் பொருந்துவதில்லை.

சட்டத்திலும் அவருக்கு இதே கதிதான். பழங்குடிப் பட்டியல் மாநிலவாரியானது. ஒரு மாநிலத்தில் பழங்குடியானவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே பழங்குடிக்கான சலுகையைக் கோர முடியாது என்று 1990இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சந்தால் பெற்றோருக்குப் பிறந்து அவிநாசியில் பள்ளிக்குப் போகும் குழந்தை தமிழகத்தின் கணக்கில் பழங்குடிக் குழந்தை அல்ல. இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அசாம் சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் சோட்டாநாக்பூரிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்ட முண்டா, ஒராவோன், சந்தால் மக்களின் வழித்தோன்றல்கள், அங்கே பழங்குடி அந்தஸ்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடி வருகிறார்கள். அசாம் வரை போக வேண்டியதுகூட இல்லை. இலங்கை மலையகத்தின் கதையைத் தமிழருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை ஏற்க மறுத்த ஒரு நாடு, 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையையே பறித்தது. அந்த அநியாயத்தைப் பேசும் நாக்கு, நம் தெருவில் குடியிருப்பவரை ‘வடக்கன்’ என்று ஒதுக்கக் கூடாது.

அவர்களாக விரும்பித்தானே வருகிறார்கள், ஊரில் கிடைப்பதைவிட இங்கே அதிகம் சம்பாதிக்கிறார்களே என்று கேட்பார்கள். உண்மை. திருப்பூரின் கூலி பல குடும்பங்களின் கடனை அடைத்திருக்கிறது. கிராமத்து மேல்சாதி நிலக்காரரிடமிருந்து விடுதலையும் தந்திருக்கிறது. வேலை தேடிப் போவது உரிமை, அதைத் தடுக்கச் சொல்வது முட்டாள்தனம். ஆனால் விருப்பம் வீட்டுவாசலோடு நின்றுவிடக் கூடாது. மத்திய அரசின் கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நேரே ஆலை விடுதிக்கு வந்து சேரும் இளம்பெண், ஞாயிற்றுக்கிழமை தன் இஷ்டத்துக்கு வெளியே போக முடிகிறதா? காண்ட்ராக்டர் பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வருகிறது என்று அவருக்குத் தெரிகிறதா? விருப்பத்துக்கு அளவுகோல் இவைதான். வெளிமாநிலத் தொழிலாளருக்கு இடப்பெயர்ச்சிப் படி தரச் சொன்னது 1979ஆம் ஆண்டுச் சட்டம். அதன் இடத்தைப் பிடித்த 2020ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்தப் படி காணாமல் போய்விட்டது.

உள்ளூர்த் தொழிலாளியின் குறை வேறு: இவர்கள் வந்ததால்தான் எங்கள் கூலி ஏறவில்லை. இந்தக் கவலையை இனவெறி என்று தள்ளிவிடுவது நேர்மையல்ல. ஆனால் கூலியை அமுக்குவது வந்தவரின் மொழியல்ல, அவர் சங்கத்துக்கு வெளியே நிற்பது. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. அன்றைக்கும் பனியன் கம்பெனிகளில் வெளியூர்க்காரர்கள் இருந்தார்கள். பிழைக்க வந்தவர் என்பதற்காக அவர்களைப் போராட்டத்துக்கு வெளியே நிறுத்தவில்லை.

இதில் திருஅவைக்கு என்ன வேலை, மதமாற்றத்துக்கு இன்னொரு வழியா என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. சோட்டாநாக்பூர் வரலாற்றைப் பார்ப்போம். 1885இல் அங்கே போன பெல்ஜியத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ், ஜமீன்தார்களுக்கு எதிரான நில வழக்குகளில் முண்டாக்களுக்குத் துணைநின்றார். கூட்டம் கூட்டமாக மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். சந்தேகம் அங்கிருந்தே தொடங்குகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணியின் நிலைத்த பலன் வேறொன்று: ஜெர்மானியத் துறவி ஹாஃப்மன் உருவாக்கத்தில் பங்கெடுத்த 1908ஆம் ஆண்டு சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம். கிறிஸ்தவர், சர்னா வழிபாட்டினர், இந்து என்று பாராமல் எல்லாப் பழங்குடிகளின் நிலத்துக்கும் அதுதான் வேலி. தர்மம் செய்வதைவிடச் சட்டம் வாங்கித் தருவது பெரிது. அது எந்த மதத்தில் சேரச் சொல்லியும் கேட்பதில்லை. திருஅவையின் தகுதியைக் கேள்வி கேட்பவர் வேறு இடத்தில் கேட்கலாம். தலித் கிறிஸ்தவருக்குக் கல்லறையிலேயே தனிச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழகத்தில் உண்டு. அந்தச் சுவர்கள் நிற்கும்வரை பழங்குடி மாண்பு பற்றிய பிரசங்கத்தை யாரும் முழுதாக நம்பப் போவதில்லை, நம்பவும் வேண்டாம்.

வந்தவர்களுக்கும் ஊருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை ஒரு நிகழ்வு காட்டியது. 2023 மார்ச்சில் தமிழகத்தில் வடமாநிலத்தவர் கொல்லப்படுகிறார்கள் என்ற பொய்க் காணொளிகள் பரவியபோது, திருப்பூர் ரயில் நிலையத்தில் பதற்றத்தோடு கூட்டம் சேர்ந்தது. காவல்துறை உதவி எண்களை அறிவித்தது, இந்தியில் பேசி நம்பிக்கை ஊட்டியது. பீகார், ஜார்க்கண்ட் அதிகாரிகள் நேரில் வந்து பார்த்துப் போனார்கள். பொய் அடங்கியது. ஆனால் வருடக்கணக்கில் இந்த ஊரில் இருந்தவர்கள், ‘இது உண்மையா?’ என்று பக்கத்து வீட்டில் கேட்கக்கூட ஆள் இல்லாமல் போனைத்தான் நம்பினார்கள். அதிகாரிகள் திரும்பிப் போன பிறகும் அந்த இடைவெளி அப்படியே இருந்தது.

கோவை மறைமாவட்டத்துக்கும் திருப்பூர்ப் பங்குகளுக்கும் இங்கே செய்ய நிறைய இருக்கிறது. சாத்ரி மொழியில் ஒரு திருப்பலி நல்லதுதான். அதைவிட அவசரம், சம்பளச் சீட்டைப் படித்துக் காட்டவும் விடுதிப் புகாரைத் தொழிலாளர் துறைவரை கொண்டுபோகவும் அவர்கள் மொழி தெரிந்த ஆள், எந்த மதத்தவருக்கும் திறந்த கதவோடு. தமிழக அரசு குடிபெயர்ந்த பழங்குடிப் பிள்ளைகளின் கல்விக்காவது தனி வழி காண வேண்டும். தொழிற்சங்கங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: முதலாளிகளோடு அடுத்த ஊதிய ஒப்பந்தம் பேச உட்காரும்போது, உங்கள் பக்கத்து நாற்காலிகளில் ஒன்றை ஜார்க்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த ஒரு பெண் தொழிலாளிக்குக் கொடுங்கள்.