நர்சு ஏன் எரிந்து விழுகிறார்?

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள் பலர் சொல்லும் புகார் இது: "டாக்டர் நல்லாத்தான் பேசறாரு. அந்த நர்சம்மாதான் சும்மா சும்மா எரிஞ்சு விழறாங்க!"

புகாரில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் காரணம் என்ன? குணமா? திமிரா? இரண்டும் இல்லை. எல்லாம் ஆள் கணக்கு!

ஆளுக்கு 2 நிமிடம்

இந்திய நர்சிங் கவுன்சில் ஒரு அளவு வகுத்து இருக்கிறது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பொது வார்டு என்றால் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்சு. மற்ற ஆஸ்பத்திரிகளில் 5 பேருக்கு ஒருவர். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒருவர்.

இது ஏட்டில் உள்ள கணக்கு. வார்டுக் கணக்கு வேறு. அது, நோயாளிக்குத் துணையாக ஒரு ராத்திரி கண் விழித்தவர்களுக்குத் தெரியும். 30 நோயாளிகளை ஒரு நர்சு பார்க்கிறார் என்று வையுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு 2 நிமிடம்தான்!

அந்த 2 நிமிடத்துக்குள் ஊசி போட வேண்டும். டிரிப்ஸ் மாற்ற வேண்டும். ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும். நடுவில் ஒரு உயிர் போய்விட்டால், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டும். அழக்கூட நேரம் கிடையாது.

ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்குப் போனால் உடனே படுக்க முடியுமா? அடுப்படி காத்து இருக்கும். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். பகல் தூக்கம் அரைத் தூக்கம்தான்.

நோயாளிக்கும் ஆபத்து

இது நர்சுகளின் சொந்தக் கஷ்டம், நமக்கு என்ன என்று இருந்துவிட முடியாது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை லிண்டா ஐக்கன் என்ற பேராசிரியையின் குழு ஆராய்ந்தது. 2002-ல் முடிவு வெளிவந்தது. ஒரு நர்சுக்கு ஒரே ஒரு நோயாளி கூடினாலும், ஆபரேஷன் ஆனவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறதாம். நர்சு மனம் சோர்ந்து ஓய்ந்து போகும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறதாம்.

அங்கே கலிபோர்னியா மாநிலத்தில், ஒரு நர்சுக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற சட்டம் 2004 முதல் அமலில் இருக்கிறது.

கை தட்டினோம், பிறகு?

வேலைப் பளுவோடு சம்பளக் கவலையும் சேருகிறது. தமிழ்நாட்டில் 2015-ல் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான நர்சுகள் எடுக்கப்பட்டார்கள். மாதம் ரூ.7,700 தொகுப்பு ஊதியம். 'இரண்டு வருஷத்தில் நிரந்தரம்' என்று நம்பி இருந்தவர்கள், 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு ஊதியம் ரூ.14,000 ஆனது. அதற்குப் பிறகு ரூ.18,000 ஆனது.

2020 மார்ச் 22-ந் தேதி வாசலில் நின்று கை தட்டினோமே, நினைவு இருக்கிறதா? அந்தக் கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட 2 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்சுகளின் ஒப்பந்தம், 2022 டிசம்பர் 31-ந் தேதியோடு முடிந்தது. புது வருஷத்தில் அவர்கள் தெருவில் நின்று போராடினார்கள்.

ஒரே வார்டு, ஒரே ஊசி. ஒருவர் நிரந்தரம், இன்னொருவர் தொகுப்பு ஊதியம். மனம் புழுங்காதா?

யோகா போதுமா?

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இந்த நிலைமையை விளக்கியது. உடம்பு ஓய்ந்து போகும். வேலையில் வெறுப்பு தட்டும். செய்கிற வேலை சரியாக வராது. இது நோய் அல்ல, வேலை இடத்தின் நெருக்கடி தீராமல் நீடிப்பதால் வருவது என்று சொன்னது.

யோகா வகுப்பு, மன அமைதிப் பயிற்சி எல்லாம் நல்லதுதான். ஆனால் அவை 30 நோயாளிகளை 5 ஆகக் குறைக்காது. காலி இடங்களை நிரப்பினால்தான் குறையும்.

அடுத்த முறை நர்சு சிடுசிடுத்தால் புகார் எழுதுங்கள், தப்பு இல்லை. கூடவே ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: "அன்றைக்கு அந்த வார்டில் எத்தனை நோயாளிகள்? எத்தனை நர்சுகள்?"

அந்த வரிக்கு நர்சு பதில் சொல்ல முடியாது. மேலே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.