வேலையை விடாமல் பிஎச்.டி. பண்ணலாமா? மருத்துவத் துறையினர் முதலில் வாங்க வேண்டிய கடிதம் எது?

ஐ.சி.யூ.வில் நைட் டியூட்டி. மானிட்டர்கள் இடைவிடாமல் அலாரம் அடிக்கின்றன. அதில் பல, உடனே ஓட வேண்டிய அவசியம் இல்லாதவை. கேட்டுக் கேட்டுக் காது பழகிவிட்டால், உண்மையான ஆபத்து வரும்போதும் நர்ஸின் கவனம் தவறலாம். 'அலாரம் சோர்வு' என்று இதற்குப் பெயர்.

இதை ஆராய நர்சிங் படிப்பு மட்டும் போதாது. பொறியியலும் உளவியலும் வேண்டும். இப்படித் துறைகளை இணைத்துச் செய்வதுதான் பல்துறை பிஎச்.டி. வார்டில் தினமும் நிற்பவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட கேள்விகள் தோன்றும். ஆனால், அவர்களால் வேலையை விட முடியாதே?

பகுதி நேரமாகப் படிக்க முடியுமா?

முடியும். 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிமுறைகள் இதை அனுமதிக்கின்றன. ஆனால் மற்ற நிபந்தனைகள் எல்லாருக்கும் ஒன்றுதான்.

* முதுநிலையில் 55% மதிப்பெண். இடஒதுக்கீட்டுப் பிரிவினர், மாற்றுத்திறனாளிகளுக்கு 5% தளர்வு.
* நுழைவுத் தேர்வு அல்லது நெட் மதிப்பெண், அதன்பின் நேர்காணல்.
* குறைந்தது 12 கிரெடிட் 'கோர்ஸ் ஒர்க்'.
* காலம் 3 முதல் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் கூடுதலாக 2 ஆண்டுகள். பெண்களுக்கும் 40%-க்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை.
* பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு 240 நாட்கள் வரை.

சிக்கல் எங்கே?

என்ஓசி எனப்படும் தடையில்லாச் சான்றில். வேலை பார்க்கும் நிறுவனம் இதில் 3 விஷயங்களை எழுதித் தர வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் ஒதுக்க வேலை இடம் தரும், தேவைப்பட்டால் கோர்ஸ் ஒர்க்கை முடிக்கப் பணியிலிருந்து விடுவிப்போம்.

ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனையில் இந்த மூன்றாவது வரிதான் கஷ்டம். கடிதம் கையில் இருந்தும் டியூட்டி ஷீட் மாறவில்லை என்றால், வகுப்புக்கே போக முடியாது. விடுவிப்பு எத்தனை நாள், சம்பளம் உண்டா, ஷிப்ட் மாற்றித் தருவார்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்குவது நல்லது.

யாரிடம் ஆராய்ச்சி செய்வது?

வேறு துறையிலிருந்தோ வேறு நிறுவனத்திலிருந்தோ இணை வழிகாட்டி வைத்துக்கொள்ள விதியில் இடமுண்டு. சென்னை ஐஐடி 2023-ல் மருத்துவ அறிவியல், தொழில்நுட்பத்துக்கென்றே தனித் துறை தொடங்கியது. ஆனால் இரண்டு வழிகாட்டிகள் இரண்டு திசையில் இழுத்தால், நடுவில் மாட்டுவது மாணவர்தான். தலைப்பு முடிவாகும் முன்பே இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேச வேண்டும்.

நம்ம வார்டு, நம்ம நோயாளி... டேட்டா எடுக்கலாமா?

அப்படியே எடுக்க முடியாது. சிகிச்சைக்காகக் கேஸ் ஷீட்டைப் பார்ப்பது வேறு, ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது வேறு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அதற்கே மாதங்கள் ஆகலாம் என்பதால் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன் பிஎச்.டி. விளம்பரங்களை நம்பலாமா?

வேண்டாம். ஆன்லைன், தொலைதூர முறை பிஎச்.டி.க்கு யுஜிசி அனுமதி இல்லை. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் சேர்ந்து எட்-டெக் நிறுவனங்கள் தரும் ஆன்லைன் பிஎச்.டி. செல்லாது என 2022 அக்டோபரிலேயே யுஜிசியும் ஏஐசிடிஇயும் எச்சரித்துள்ளன. நேரமில்லாத ஊழியர்களைத்தான் இந்த விளம்பரங்கள் குறிவைக்கின்றன.

ஆகவே விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன், மேலதிகாரியிடம் அந்த மூன்றாவது வரியைப் பற்றிப் பேசிவிடுங்கள். சீட் கிடைத்த பிறகு பேசினால் காலம் கடந்துவிடலாம்.