பின்பாட்டுக்காரனுக்கும் ஒரு பேர் உண்டு

காலையில் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் லோக்கலில் ஏறியிருந்தால், எங்களை ஒருமுறையாவது திட்டியிருப்பீர்கள். பொன்னேரியில் ஏறும் கோஷ்டி நாங்கள். மீஞ்சூர் வருவதற்குள் கானா ஆரம்பித்துவிடும். (சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டு வரும் அண்ணன்களே, மன்னிச்சுக்குங்க.)

எங்கள் செட்டில் ஒருத்தன்தான் லீட். மற்ற ஆறு பேரும் கை தட்டுவோம், பின்பாட்டுப் பாடுவோம், அவன் மூச்சு வாங்கும்போது பாட்டு விழாமல் பிடித்துக்கொள்வோம். போன மாதம் யாரோ இதை மொபைலில் எடுத்து நெட்டில் ஏற்றிவிட்டார்கள். செம ஹிட்! ஆனால் கீழே ஒரே ஒரு பேர், லீட் பாடியவனுடையது. பாதி வரிகளை எழுதியவன் ஜன்னலோரம் தட்டிக்கொண்டிருந்த இன்னொருத்தன். அவன் "விடு மச்சி" என்று சிரித்துவிட்டான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அந்தக் கடுப்பில் தேடிப் படித்தபோது கிடைத்தது ஒரு பழைய அமெரிக்கக் கதை. 1950களில் நியூயார்க் தெருமுனைகளில் கறுப்பினப் பையன்களும் போர்ட்டோ ரிக்கோ பையன்களும் கூடிப் பாடுவார்கள். கையில் வாத்தியம் கிடையாது. ஒருத்தன் லீட் பாட, மற்றவர்கள் வாயாலேயே தாளமும் பேஸும் போடுவார்கள். ரிதம் அண்ட் ப்ளூஸில் 'டூ-வாப்' என்று பின்னால் பேர் வாங்கியது இதுதான். நம்ம ரயில் கானாவுக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இல்லை?

அப்படி ஒரு ஐவர் செட், 'தி டீனேஜர்ஸ்'. முதலில் லீட் பாடியவர் ஹெர்மன் சாண்டியாகோ. பிறகு வந்த ஃப்ராங்கி லைமன் என்ற 13 வயதுப் பையனின் குரலில், 1956-ல் 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' பெரிய ஹிட். கொஞ்ச நாளில் செட்டின் பேரே 'ஃப்ராங்கி லைமன் அண்ட் தி டீனேஜர்ஸ்' ஆகிவிட்டது. 1957-ல் லைமன் தனியாகப் பிரிந்தார். அந்த மாதிரி ஹிட் அவருக்கும் அமையவில்லை, செட்டுக்கும் அமையவில்லை. 1968-ல், 25 வயதில், போதை மருந்தால் இறந்தார்.

பாட்டை எழுதியதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று சாண்டியாகோவும் ஜிம்மி மெர்ச்சன்டும் பல வருடம் கழித்து வழக்குப் போட்டார்கள். 1992-ல் ஜெயித்தார்கள். 1996-ல் அப்பீலில், வழக்குப் போடும் கெடு தாண்டிவிட்டது என்று தோற்றார்கள். எழுதினார்களா இல்லையா என்பதல்ல, லேட்டா வந்தீங்க என்பதுதான் பதில்!

லீட் குரல் ஒரு வரம், மறுக்கவில்லை. 'சித்திரம் பேசுதடி' (2006) பாட்டை கானா உலகநாதன் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியுமா? ஆனால் கானா பிறந்தது மேடையில் இல்லை. சாவு வீட்டு வாசலில், வட்டமாக உட்கார்ந்து விடியவிடியப் பாடிய பாட்டு அது. வட்டம் இல்லையென்றால் நடுவில் இருப்பவன் என்ன செய்வான்? 2017-ல் தொடங்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பேரிலேயே கூட்டத்தை வைத்தது. 19 பேராக மேடையில் நின்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அதனால் அடுத்த வீடியோ போடப்போகும் புண்ணியவானே, லீட் பேரை முதலில் போடு, பரவாயில்லை. ஒரு கமா வைத்து மற்ற ஆறு பேரையும் சேர்த்துப் போடு. எழுதியவன் பேரையும் இப்பவே போட்டுவிடு. ஜன்னலோரத்து நண்பன் இன்னைக்கு "விடு மச்சி" என்பான். முப்பது வருஷம் கழித்துக் கேட்டால், லேட் என்று சொல்லிவிடுவார்கள்.