பொழுது விடிந்த பின் கேரட் எடுக்கலாமே!

நீலகிரியில் மழை விட்டு வானம் வெளுத்ததும் உறைபனிப் பேச்சு தொடங்கிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி பக்கத்துப் புல்வெளிகள் பல நாள் விடியற்காலையில் வெள்ளை பூத்துக் கிடக்கும். சுற்றுலா வருபவர்களுக்கு அது படம் பிடிக்கும் காட்சி. தேயிலையும் மலைக்காய்கறியும் வைத்திருக்கும் உங்களுக்கோ, எத்தனை வரிசை கருகியது என்பதுதான் அன்றைய முதல் கணக்கு.

பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் வெளியே விட்டுவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் இது வேகமாக நடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தேயிலை பச்சையாக நிற்க, ஓடைக்கரைத் தோட்டம் மட்டும் கருகுவது இதனால்தான். வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் இருக்கிறது. அங்கே 3 டிகிரி என்றால், உங்கள் செடியின் காலடியில் உறைநிலை வந்திருக்கக்கூடும். எனவே செய்தியில் சொல்லும் எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

மாலையில் நிலத்தை நனைத்துவிட்டால் ஈர மண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். இளந்தேயிலையைப் பெரணிச் செடி கொண்டு மூடுவதும், வெயில் ஏறும் முன் தெளிப்பான் ஓட்டி இலைமேல் படிந்த பனியைக் கரைப்பதும் உங்களுக்குத் தெரிந்த வழிகளே. ஒன்று மட்டும்: கருகிய இலையைக் கண்டதும் கவாத்துக் கத்தியை எடுக்க வேண்டாம். புதுத் துளிர் வந்தால் அடுத்த பனிக்கு அதுவே முதலில் போகும். பனிக்காலம் கழியட்டும்.

செடிக்கு இவ்வளவு பார்க்கிறோம். ஆளுக்கு?

கேத்தி பாலாடா பள்ளத்தாக்கில் கேரட் அறுவடை பல இடங்களில் விடியுமுன்னே தொடங்கிவிடுகிறது. இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், உறைந்த மண்ணில் கைவிட்டுக் கிழங்கைப் பிடுங்குகிறார்கள். பிறகு கழுவும் இடத்தில் பனிக்கட்டி போன்ற தண்ணீர். மேட்டுப்பாளையம் மண்டிக்குச் சரக்கு நேரத்தோடு இறங்க வேண்டும் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. அது பொய்யான காரணமல்ல. பிந்தி வரும் லாரிக்கு விலை குறையும் என்ற பயம் நியாயமானது. ஆனால் தனி ஒரு விவசாயி நேரம் மாற்றினால்தான் அவர் நஷ்டப்படுவார். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதங்களுக்காவது விவசாயிகள், லாரிக்காரர்கள், மண்டி வியாபாரிகள் உட்கார்ந்து பேசி ஏல நேரத்தைத் தள்ளிவைத்தால் யாருக்கும் நட்டமில்லை. இந்தப் பேச்சைத் தொடங்கிவைக்கத் தோட்டக்கலைத் துறை அலுவலர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை.

இரவில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. வெளியூரிலிருந்து வேலைக்கு வருபவர்கள் சிறு அறையில் பலராகத் தங்குகிறார்கள். குளிர் தாங்காமல் கரி அடுப்பைக் கணப்பாக உள்ளே வைத்து, கதவு சன்னலை அடைத்துப் படுக்கிறார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவர் விழிப்பதே இல்லை. மலைப்பகுதிகளில் இப்படிச் சாவுகள் நடந்திருக்கின்றன. உங்கள் தோட்டத்தில் தங்குபவர்களுக்கு இரண்டு கம்பளி கூடுதலாகக் கொடுங்கள்; கணப்பு வெளியே இருக்கட்டும். அவர்கள் மொழியில் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லவையுங்கள்.

மாட்டுக் கொட்டிலின் காற்று வரும் பக்கத்தில் சாக்குப் படுதா கட்டுங்கள். கன்றுக்கு அடியில் காய்ந்த வைக்கோல் போதும்.

நிவாரணம் பற்றி ஒரு வார்த்தை. உறைபனியும் குளிர் அலையும் பேரிடர் நிவாரண நிதிக்கான பட்டியலில் உள்ளன என்பது பலருக்குத் தெரியாது. பயிர்ச் சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் இடுபொருள் மானியம் கேட்கலாம். 2022 முதல் 2026 வரையிலான விதிமுறைப்படி ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உச்சவரம்பு 2 ஹெக்டேர். தொகை பெரிதல்ல, செலவில் ஒரு பங்குதான். ஆனால் கருகிய வயல் நான்கு நாளில் நிறம் மாறிவிடும். அன்று காலையிலேயே தேதி தெரியும்படி படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.