அட்டையில் இரண்டு பெயர்

கொஞ்சம் நீளமான பதிவு. கைவேலையை முடித்துவிட்டு ஆற அமர உட்கார்ந்து படியுங்கள்.

போன சித்திரையில் நான் போட்ட பதிவு ஒன்று சிலருக்கு நினைவிருக்கலாம். "நம் ஊர்க் கண்மாயைப் பற்றிக் குழந்தைகளுக்காக ஒரு காமிக்ஸ் புத்தகம் எழுதுகிறேன். படம் வரையத் தெரிந்தவர்கள் சேவை மனப்பான்மையோடு முன்வர வேண்டும்" என்று கேட்டிருந்தேன். 67 பேர் இதயம் போட்டீர்கள். வாழ்த்து சொன்னவர்களும் நிறைய. வரைகிறேன் என்று வந்தவர் ஒருவர்கூட இல்லை. இரண்டு பேர் மட்டும் தனியாக, "சன்மானம் எவ்வளவு டீச்சர்?" என்று கேட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்! பிள்ளைகளுக்கான புத்தகத்துக்குக் காசு கேட்கிறார்களே என்று வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் புலம்பித் தீர்த்தேன்.

அந்தப் பதிவை நேற்று நீக்கிவிட்டேன். ஏன் நீக்கினேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காமிக்ஸுக்கு ஓவியரைத் தேடுகிறவர்கள் முதலில் காசையும் பெயரையும் பேசிவிட வேண்டும். கதையை அதற்கப்புறம் பேசலாம். இந்த இரண்டையும் பேசக் கூச்சப்பட்டால் ஓவியர் கிடைக்கமாட்டார். கிடைத்தாலும் அது நியாயமாக இருக்காது.

என் கதை பெரிதாக ஒன்றும் இல்லை. கண்மாயில் தண்ணீர் பாய்ச்சும் நீர்பாய்ச்சி ஒருவர், அவருடைய பேத்தி. தாத்தாவுக்கு மூச்சிரைப்பு. ஐப்பசி மழையில் கண்மாய் நிரம்பி நிற்கிற ராத்திரியில், அடைத்துக்கொண்ட மடையைத் திறக்கத் தண்ணீருக்குள் இறங்கியாக வேண்டும். யார் இறங்குவது? அவ்வளவுதான் கதை. எங்கள் பக்கத்தில் இதைப்போல நாலு கதை எல்லா வீட்டிலும் இருக்கும்.

இதை முதலில் நாலு பக்கம் கட்டுரை மாதிரி எழுதி, சென்னையில் ஓவியம் படித்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்தவர் மூலம் அனுப்பினேன். அவர் வரைந்த முகங்களை முன்பே பார்த்திருந்தேன். அப்படியே பேசும் போலிருக்கும். "சும்மா ஒரு பக்கம் வரைந்து காட்டும்மா, பிடித்திருந்தால் மேற்கொண்டு பேசலாம்" என்றேன். "மாதிரிப் பக்கத்துக்கும் சம்பளம் உண்டு மேம்" என்று பணிவாகப் பதில் வந்தது. அதோடு ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: "எந்தக் கட்டத்தில் எது வரணும்?"

எனக்குத் தெரியவில்லை. நான் எழுதியிருந்த ஒரு வாக்கியம் இது: "செல்வி திடுக்கிட்டு எழுந்து, கதவைத் திறந்துகொண்டு, கொட்டும் மழையில் கண்மாயை நோக்கி ஓடினாள்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அசையாத ஒரு படத்தில் ஒருத்தி எழவும் கதவைத் திறக்கவும் ஓடவும் எப்படி முடியும்? அந்த ஒரு வரிக்கு மூன்று கட்டம் வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம்தான் கொள்ளும். இப்படிக் கணக்குப் பார்த்தால் என் நாலு பக்கக் கட்டுரை 50 பக்கத்தைத் தாண்டியது. 33 வருஷம் "படம் பார்த்துக் கதை சொல்" பாடம் நடத்தியவளுக்கு, கதை பார்த்துப் படம் சொல்லத் தெரியவில்லை பாருங்கள்.

இதற்குக் கைகொடுத்தது எங்கள் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி. 1978-80இல் நாங்கள் படித்தபோது கரும்பலகைச் சித்திரம் என்று ஒன்று உண்டு. குச்சி மனிதர்களை மளமளவென்று போட்டுக் காட்ட வேண்டும். நடக்கிற குச்சி, குனிகிற குச்சி, குடம் தூக்குகிற குச்சி. அதை நினைவில் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் கட்டம் கட்டமாகக் குச்சி மனிதர்களால் கதை முழுவதையும் போட்டேன். வேண்டாததெல்லாம் தானாக உதிர்ந்து 16 பக்கத்துக்கு வந்தது. 16 பக்கம் என்றால் அச்சகத்தில் ஒரு ஃபாரம். ஒரு தாள்கூட வீணாகாது. காமிக்ஸ் எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: 200 பக்கக் காவியத்தோடு யாரையும் அணுகாதீர்கள். ஒரு ஃபாரத்துக்குள் முடிகிற கதையாக எடுத்துக்கொண்டு, குச்சிப் படமாவது போட்டுக்கொண்டு போங்கள். எதை ஒப்புக்கொள்கிறோம் என்று வரைகிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

நடுவில் இன்னொரு கூத்து. பெங்களூரில் இருக்கிற என் தங்கை மகன், "எதுக்குப் பெரியம்மா இவ்வளவு சிரமம், ஏஐயில் பத்து நிமிஷத்தில் போட்டுத் தருகிறேன்" என்றான். போட்டும் தந்தான். முதல் படத்தில் தாத்தாவுக்கு ராஜஸ்தான் தலைப்பாகை. அடுத்த படத்தில் வேறு தாத்தா. பேத்திக்குப் படத்துக்குப் படம் மூக்கு மாறியது. எங்கள் கண்மாயில் அன்னப்பறவைகள் நீந்தின! மடை எங்கே என்று கேட்டேன். பெரிய அணைக்கட்டு ஷட்டர் ஒன்றைக் காட்டினான்.

குமிழித் தூம்பு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்மாய்க்குள் கரையைத் தள்ளி இரண்டு கல்தூண், அவற்றை இணைக்கும் குறுக்குக் கல். அடியில் கல்தொட்டி. தண்ணீர் போக மேலே ஒரு துளை, சேறு போகக் கீழே துளைகள். மேல் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கத்தான் ஆள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்க வேண்டும். கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதைத் தெரியாதவர் எவ்வளவு அழகாக முகம் வரைந்தாலும் என் புத்தகத்துக்கு ஆகாது. நான் ஓவியரைத் தேடிய விதம் தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. அழகான முகம் வரைகிறவரைத் தேடிக்கொண்டிருந்தேன். நமக்கு வேண்டியவர் குனிந்த முதுகையும் சேற்றில் பதிந்த காலையும், கயிறு பிடித்த கையையும் வரைகிறவர். ஒரே ஆளைப் பக்கவாட்டில், பின்னால், மேலிருந்து என்று 80 தடவை வரைந்தாலும் அதே ஆளாக இருக்கச் செய்கிறவர்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வெளியில் தேடிக்கொண்டிருந்தேன். இனிமேல் சொல்வதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

2009இல் என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த பையன். அவனோடு படித்தவர்களுக்கு யார் என்று உடனே தெரிந்துவிடும். தயவுசெய்து கீழே பெயரைப் போட்டுவிடாதீர்கள். புத்தகம் வரும்வரை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நம் வகுப்பறைச் சுவரில் தொங்கிய சார்ட் அத்தனையும் அவன் வரைந்தது. கற்பித்தல் துணைக்கருவிக் கண்காட்சியில் எனக்கு முதல் பரிசு கிடைத்ததே, அந்தத் துணைக்கருவியும் அவன் கை பட்டதுதான். சான்றிதழை நான் வாங்கிக்கொண்டேன். அந்த வருஷமே என் சிறுவர் கதைகளை ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டேன். 500 பிரதி. உங்களில் பலர் வீட்டில் இருக்கும். அதில் 22 படங்கள். எல்லாம் அவன் வரைந்தவை. நன்றியுரையில் தலைமை ஆசிரியர், வீட்டுக்காரர், அச்சகத்தார், பிழை திருத்தியவர் எல்லாரும் இருக்கிறார்கள். அவன் பெயர் எங்கேயும் இல்லை. திட்டமிட்டு விட்டதில்லை. நினைவுக்கே வரவில்லை. அதுதான் இப்போது இன்னும் மோசமாகப் படுகிறது.

இப்போது அவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறார். போர்டு எழுதும் தொழில் கற்றுக்கொண்ட சமயத்தில் ஃப்ளெக்ஸ் எல்லா வேலையையும் எடுத்துக்கொண்டது. என் குச்சிப்பட நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "வாங்க டீச்சர்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "குச்சி நல்லாத்தான் இருக்கு டீச்சர்" என்று சிரித்தார். பிறகு உள்ளே போய் அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். அவர் சொன்னது ஒரே ஒரு வரிதான்.

"இதுல பேரு போடலியே டீச்சர். இதுலயாவது போடுவீங்களா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பதை விடுங்கள். பதில் என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் இல்லை. 1972 வாக்கில், எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியை அண்ணனிடமிருந்து பிடுங்கிப் படித்தவள் நான். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்தப் படங்கள் இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கின்றன. அவற்றை வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹேசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானியர் என்று எனக்குத் தெரிந்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். அந்தக் காலத்து இங்கிலாந்து வார இதழ்களில் வரைந்தவர் பெயரைப் போடும் வழக்கமே இல்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே மறந்தது எழுத்தாளரை. பேட்மேனை உருவாக்கியதில் பெரும்பங்கு பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளருக்கு உண்டு. ஆனால் பல பத்தாண்டுகளாக ஓவியர் பாப் கேன் பெயர் மட்டுமே வந்தது. ஃபிங்கர் 1974இல் இறந்துபோனார். அவர் பெயர் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015இல். அப்புறம் சேர்த்து யாருக்கு என்ன லாபம்?

நன்றாக நடந்ததும் உண்டு. ஆஸ்டெரிக்ஸ் 1959இல் தொடங்கியது. எழுதிய கோசினி, வரைந்த உடெர்சோ இருவர் பெயரும் அட்டையில் சேர்ந்தே இருக்கும். 1977இல் கோசினி இறந்த பிறகு உடெர்சோ தனியாகவே எழுதி வரைந்தார். நம்மிடமும் வாண்டுமாமா எழுத, செல்லம் வரைந்த படக்கதைகள் இருக்கின்றன. ஒருவரைச் சொன்னால் மற்றவர் பெயரும் கூடவே வரும்.

மறுநாள் அவரிடம் கணக்குப் பேசினேன். நான் மனதில் வைத்திருந்தது ஒரு பக்கத்துக்கு 1,000 ரூபாய். அதுவே தாராளம் என்று நினைத்தேன். ஒரு பக்கம் பென்சிலில் போட்டு மை ஏற்ற எத்தனை நாளாகும் என்று கேட்டேன். இரண்டரை நாள் என்றார். அப்படியானால் நாளைக்கு 400 ரூபாய். எங்கள் ஊரில் சித்தாளுக்கே 600 தருகிறோம். அவர் பெயின்ட் வேலைக்குப் போனால் 1,000. என் புத்தகத்துக்கு வரைந்தால் தினமும் 600 ரூபாய் அவர் கையிலிருந்து எனக்குக் கொடுக்கிறார் என்று அர்த்தம். "சேவை மனப்பான்மை" என்று எழுதினேனே, அது யாருடைய சேவை?

பக்கத்துக்கு 2,500, 16 பக்கத்துக்கு 40,000 என்று முடிவானது. நாலு பக்கம் முடிய முடிய 10,000. வண்ணம் வேண்டாம், கறுப்பு வெள்ளையே போதும் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம். மாயாவி கறுப்பு வெள்ளையில்தானே நம்மை மயக்கினார்? பென்ஷன்காரிக்கு இது பெரிய தொகைதான். "படத்துக்குப் போய் நாற்பதாயிரமா!" என்று என் நாத்தனார் மூக்கில் விரல் வைத்தார். இதே நாத்தனார் பேரன் காதுகுத்துக்கு வீடியோகாரருக்குக் கொடுத்ததை நான் கேட்கவில்லை. (அண்ணி, இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளக் கூடாது.)

எல்லாவற்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். டீச்சருக்கும் மாணவனுக்கும் நடுவில் எழுத்து எதற்கு என்று அவரே தயங்கினார். அதனால்தான் எழுத வேண்டும் என்றேன். நான் கேட்டால் அவரால் மறுக்க முடியாது. 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தைப் பேரனை விட்டுத் தேடிப் படித்தேன். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். எந்த இடத்துக்கு என்று குறிக்காவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். நாங்கள் எழுதிக்கொண்டது எளிமையானது. கதை என்னுடையது, படங்கள் அவருடையவை, புத்தகம் இருவருடையது. மறுபதிப்பு வந்தால் லாபத்தில் பாதிப் பாதி. மூலப் படங்கள் அவரிடமே இருக்கும். அட்டையில் இரண்டு பெயரும் ஒரே அளவு எழுத்தில் வரும்.

முதல் நாலு பக்கம் போன வாரம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் தாத்தா இருமிக்கொண்டே கயிற்றுக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்து எழுகிறார். நான் அதற்கு, "இந்த உடம்பை வைத்துக்கொண்டு எப்படித் தண்ணீருக்குள் இறங்கப்போகிறேனோ தெரியவில்லையே" என்று வசனம் எழுதியிருந்தேன். "இந்த நீளத்துக்குப் பலூன் போட்டா தாத்தா மூஞ்சி மறைஞ்சிரும் டீச்சர். கையைப் பாருங்க, அதுலயே இருக்கு" என்றார். பார்த்தேன். விரல் நரம்பெல்லாம் புடைத்திருந்தது. வசனத்தை அடித்துவிட்டேன். முன்பெல்லாம் நான் சிவப்பு மையில் அடிப்பேன், அவர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

இப்போது உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். நம் கண்மாயில் ஷட்டர் வைப்பதற்கு முன்பு இருந்த பழைய கல்மடையின் புகைப்படம் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். கல்யாண ஆல்பத்தில் பின்னணியில் தெரிந்தால்கூடப் போதும். இன்னொன்று, 2009 புத்தகம் வைத்திருப்பவர்கள் எனக்கு முகவரி அனுப்புங்கள். "ஓவியங்கள்" என்று போட்டு அவர் பெயர் அச்சிட்ட சின்னச் சீட்டு 500 அடித்து வைத்திருக்கிறேன். புதுப் புத்தகம் வந்ததும் தபாலில் வரும். உள் அட்டையில், என் பெயருக்கு நேர் கீழே ஒட்டிக்கொள்ளுங்கள். பசை தடவும்போது கசங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.