கூட்டாண்மையா, சுமையேற்றலா?

2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் கூலிவேலை இழந்த மக்கள் தவித்து நின்றபோது, கேரளத்தின் ஊர்தோறும் 20 ரூபாய்க்கு மதிய உணவு தரும் ‘ஜனகீய’ உணவகங்கள் திறக்கப்பட்டன. அடுப்பை மூட்டியவர்கள் குடும்பஸ்ரீ பெண்கள். இடமும் மின்சாரமும் குடிநீரும் உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு. உணவுப் பொருள் வழங்கல் துறை கிலோ 10 ரூபாய் 90 காசுக்கு அரிசி அளித்தது. மாநில அரசு சாப்பாடு ஒன்றுக்கு 10 ரூபாய் மானியம் தந்தது. இவர்களுள் எவரும் தனித்து நின்று இதைச் சாதித்திருக்க முடியாது. அனைவரும் கைகோத்தபோது ஏழையின் பசி ஆறியது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு உள்ளூரிலேயே வருமானமும் கிடைத்தது.

வட்டார வளர்ச்சிக்கான கூட்டாண்மை என்பதன் மெய்யான பொருள் இதுவே.

இது ஒரே நாளில் முளைத்ததன்று. 1996 ஆகஸ்ட் 17 அன்று, ஈ.கே. நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சி அமைப்புகளின் கையில் ஒப்படைக்கப்பட்டது. எந்த வாய்க்காலைத் தூர்வாருவது, எந்தப் பள்ளிக்குக் கட்டடம் எழுப்புவது என்பதைக் கிராமசபை விவாதித்தது. பெண்களுக்கான திட்டங்களுக்கென 10 சதவீதம் தனியே ஒதுக்கப்பட்டது.

1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இந்த அடித்தளத்தின் மீதே வளர்ந்தது. அக்கம்பக்கத்து வீடுகளைச் சேர்ந்த 10 முதல் 20 பெண்கள் வாரந்தோறும் கூடிச் சிறு தொகை சேமிக்கிறார்கள். தேவைப்படும் உறுப்பினருக்கு அதிலிருந்தே கடன் தருகிறார்கள். அந்தச் சேமிப்பின் நம்பகத்தன்மையைக் கண்டு வங்கி கடன் அளிக்கிறது. ஊராட்சி தன் திட்ட நிதியிலிருந்து மானியம் சேர்க்கிறது. தரிசாகக் கிடந்த நிலங்களைக் குத்தகைக்கு எடுத்து இப்பெண்கள் கூட்டாகப் பயிர் செய்கிறார்கள். பணம் போட்டவருக்கும் பாடுபடுபவருக்கும் முடிவெடுக்கும் உரிமை உண்டு என்பதே இங்குள்ள சூட்சுமம்.

ஒன்றிய அரசு முன்வைக்கும் கூட்டாண்மையோ முற்றிலும் வேறானது. 2015-இல் ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்ட ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் 100 நகரங்கள் சேர்க்கப்பட்டன. ஒன்றிய அரசு 48,000 கோடி ரூபாய் தருவதாகவும், அதற்கு ஈடான தொகையை மாநிலங்களும் நகராட்சிகளும் திரட்ட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. ஆனால், பணிகளை நிறைவேற்றும் அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுத்த மாமன்றத்திடம் விடப்படவில்லை. நிறுவனச் சட்டத்தின் கீழ் உருவாக்கப்பட்ட தனிக் கம்பெனிகளிடம் தரப்பட்டது. முதலீட்டின் பெரும்பங்கு நகரின் ஒரு சிறு பகுதிக்குள்ளேயே முடங்கியது. நகரமக்கள் செலவில் பங்காளிகள். முடிவெடுப்பதில் வெறும் பார்வையாளர்கள்.

மாநிலங்கள் சொந்தமாக நிதி திரட்ட முயன்றாலும் குறுக்கே சுவர் எழுப்பப்படுகிறது. பள்ளிகள், மருத்துவமனைகள், பாலங்கள் ஆகியவற்றுக்காகக் கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான கிஃப்பி திரட்டிய கடனை, மாநில அரசின் கடன் வரம்பிலேயே ஒன்றிய அரசு கழித்துக்கொண்டது. தேசிய நெடுஞ்சாலை 66-க்கான நிலம் கையகப்படுத்தும் செலவில் 25 சதவீதத்தை, அதாவது 5,500 கோடி ரூபாய்க்கும் மேல், இதே கிஃப்பி மூலமாகத்தான் கேரளம் செலுத்தியது. சாலையோ ஒன்றிய அரசினுடையது. தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வாங்கிய கடன் ஒன்றிய அரசின் நிதிப் பற்றாக்குறைக் கணக்கில் ஏறவில்லை. அதே சாலைக்காக மாநிலம் வாங்கிய கடன் மட்டும் மாநிலத்தின் தலையில் ஏறியது!

கடனுக்குக் கட்டுப்பாடே வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டும். ஆனால் அளவுகோல் இருதரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை வலியுறுத்தியே 2023 டிசம்பரில் கேரளம் உச்சநீதிமன்றம் சென்றது. அரசியலமைப்பின் 293-ஆவது பிரிவு குறித்த இக்கேள்வியை 2024 ஏப்ரலில் அந்நீதிமன்றம் அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.

வரிப் பகிர்விலும் இதே கதைதான். 10-ஆவது நிதிக்குழு காலத்தில் 3.875 சதவீதமாக இருந்த கேரளத்தின் பங்கு, 15-ஆவது நிதிக்குழுவில் 1.925 சதவீதமாகச் சுருங்கியது. செஸ், சர்சார்ஜ் என்ற பெயரில் வசூலிக்கப்படும் தொகையோ மாநிலங்களுடன் பகிரப்படுவதே இல்லை. ஊராட்சிகளுக்கு 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த மானியத்திலும் 60 சதவீதம் குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கென்று கட்டிப்போடப்பட்டது.

இந்த நெருக்கடியின் சூடு கடைசியில் அடுப்படியையே தாக்குகிறது. 2023-இல் ஜனகீய உணவகங்களுக்கான 10 ரூபாய் மானியம் நிறுத்தப்பட்டது. சாப்பாட்டின் விலை உயர்ந்தது. நிதிக் கூட்டாட்சி என்பது பொருளாதார வல்லுநர்கள் மட்டும் பேசும் நுட்பமன்று. உழைக்கும் மக்களின் தட்டில் விழும் சோற்றைப் பற்றியது.

ஆகவே, செஸ், சர்சார்ஜ் வருவாயை மாநிலங்களுடன் பகிர வேண்டும். மாநில நிறுவனங்களின் கடனுக்கும் ஒன்றிய நிறுவனங்களின் கடனுக்கும் ஒரே விதி வேண்டும். உள்ளாட்சிகளுக்கு நிபந்தனையற்ற நிதி வேண்டும். அதைச் செலவிடும் அதிகாரம் கம்பெனிகளிடமிருந்து மக்கள் மன்றங்களுக்குத் திரும்ப வேண்டும். சுமையைப் பகிர்ந்துகொண்டு அதிகாரத்தைப் பகிர மறுப்பது கூட்டாண்மை ஆகாது. இந்தக் கோரிக்கைகளை நிதியமைச்சகத்தின் வாசலோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு கிராமசபையிலும் எழுப்புவது ஜனநாயக இயக்கங்களின் கடமை.